பட்டினி போட வேண்டிய பாக்டீரியாவும் பீளமேட்டு உபசாரமும்

ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு வாரம்தான் இருந்தது; ஒரே ஒரு வரைபடம் பாக்கி. விட்டால் அரை வருடம் போச்சு. அதற்கான ஒளி அளக்கும் கருவி மதுரையில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கொங்கு நாட்டுப் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் வெள்ளிக்கிழமை மட்டும் தருவதாகச் சொன்னார்கள். போன ஆடியில் இப்படித்தான் கிளம்பினேன்.

விஷயம் எளிது. பாலிஅமீன்கள் சின்னஞ்சிறு மூலக்கூறுகள். பாக்டீரியாவுக்குள் புரதம் கட்டும் ரைபோசோமோடும் ஆர்.என்.ஏ.வோடும் ஒட்டிக்கொண்டு வேலையை முடுக்கிவிடும். என் பாக்டீரியாவுக்கு அவற்றைச் சொந்தமாகச் செய்யத் தெரியாது. வெளியிலிருந்து கிடைக்காவிட்டாலும் சாகாது. ஆனால் புரத உற்பத்தி ஆமை வேகம். அது கட்டும் பச்சையாய் ஒளிரும் ஒரு புரதத்தை வைத்து அந்த வேகத்தைத்தான் அளக்க வேண்டும். பாக்டீரியாக் குப்பியை முன்கூட்டியே பீளமேட்டுக் கல்லூரி ஆய்வாளர் கோமதிக்கு அனுப்பியிருந்தேன். கோழிக் குடல் கிருமிகளை ஆராய்பவள், பல்லடத்துக்காரி. போனில்தான் பழக்கம்.

வியாழன் காலை ஐந்து மணி பஸ்ஸில் ஏறி, பத்தரைக்குச் சிங்காநல்லூரில் இறங்கினேன். அங்கிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் பாலிஅமீன் வைத்திருந்த என் ஐஸ் டப்பாவைப் பார்த்து, “மருந்துங்களா அம்மணி?” என்றார். “பாக்டீரியாவுக்குங்க” என்றேன். அவர் டப்பாவை இன்னொரு முறை பார்த்துவிட்டு வண்டியை முடுக்கினார்.

கோமதி மலர்ந்த முகத்தோடு குப்பியை நீட்டினாள். உள்ளே கலங்கலாக, கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது.

“வளரவே மாட்டேன்னுதுங்க. வந்த அலுப்புன்னு நெனச்சு ஈஸ்ட் சாறுல போட்டுத் தேத்திப்போட்டேனுங்க.”

ஈஸ்ட் சாற்றில் பாலிஅமீன் ஏராளம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பட்டினி போடச் சொல்ல மறந்தது நான்தான். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது.

கழுவிக் கழுவி, பாலிஅமீன் இல்லாத வெற்று வளர்ப்புக் கரைசலுக்கு மாற்றினால் ஞாயிறுக்குள் உடம்பில் சேர்ந்தது கரைந்துவிடும். ஆனால் வெள்ளி போய்விடுமே?

“திங்கக்கெழம மெஷின்ல எம்பட மொறைங்க. நீங்க எடுத்துக்கோங்க. கோழிக்கென்னங்க அவசரம்?”

ஞாயிறன்றும் பல்லடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்தாள், கையில் சோற்றுத் தூக்குப்போசியோடு. “அது பட்டினி கெடக்கட்டும், நீங்க உண்ணுங்க.”

திங்களன்று கருவித் தட்டில் பாலிஅமீன் சேர்த்த குழிகளில் பச்சைப் புரதத்தின் ஒளி விறுவிறுவென ஏறியது. சேர்க்காதவற்றில் கோடு நகரவே யோசித்தது. வரைபடம் கிடைத்துவிட்டது.

இதுபோல் போகிறவர்களுக்கு: இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். குப்பிமேல் “உணவு கொடுக்க வேண்டாம்” என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். கொங்கு நாட்டுக்கு அனுப்பினால் போன் போட்டும் சொல்லிவிடுங்கள்.

அந்த வாரம்தான் கோமதியும் ஆண்டறிக்கை கொடுக்க வேண்டியிருந்ததாம். ஊர் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கோழிக் கிருமிகளின் அளவீடு இல்லாமலே கொடுத்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று போனில் கேட்டேன்.

“சொல்லியிருந்தா நீங்க வாங்கியிருக்க மாட்டீங்களேங்க” என்றாள்.