பாதித் தாள்களுக்கு ஜோடி தேடிய வாரம்

நான் அடுக்கி வைத்த பொருள் கலையாது. அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்துக் காம்பராவைப் பார்த்துவிட்டு, ஒரே அறைக்குள் இவ்வளவும் எப்படி அடங்கியது என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட நான்தான் ஒரு பெட்டி தாளை அடுக்கப் போய், என் வீட்டுக்காரருடைய வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேன். முப்பத்தாறாம் வருஷம் என்று நினைக்கிறேன். முப்பத்தேழாகவும் இருக்கலாம். மழைக்காலம் என்பது மட்டும் நிச்சயம்.

அந்தப் பெட்டி எங்கள் தோட்டத்துத் துரையுடையது. அவர் வாலிபத்தில் பொழுதுபோக்காக மரத்தில் பூ வெட்டுவார். அதற்கென்று சீமையிலிருந்து ஒரு மெஷின் வந்தது. தையல் மெஷினைப் போலக் காலால் மிதித்தால், தலைமயிர் போன்ற ஒரு ரம்ப வாள் மேலும் கீழும் ஓடும். பலகையைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தால் கொடியும் இலையும் பறவையும் அதில் விழும். பலகையில் எங்கே வெட்டுவது என்று காட்டும் படங்கள் தாளில் அச்சடித்து வரும். அவற்றைத்தான் நாங்கள் மாதிரித் தாள் என்போம். துரைக்குக் கை நடுக்கம் வந்த பிறகு, அவருக்குப் பலகை பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, மெஷினையும் மாதிரித் தாள் பெட்டியையும் கொடுத்தார். "பத்திரம்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாராம்.

மெஷின் தேயிலை அரைக்கும் ஸ்டோரின் தச்சுக் கொட்டகைக்குப் போனது. பெட்டி என்னிடம் வந்தது.

என் வீட்டுக்காரர் ஆசாரி வழியில் வந்தவர் இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் மலையில் கத்தி பிடித்தவர். ஸ்டோர் தச்சர் ஊருக்குக் கப்பலேறிப் போய்விட்டதால், அந்த இடத்தில் தற்காலிகமாக நின்றார். நிரந்தரம் ஆகுமா, திரும்பவும் கவ்வாத்துக்கே போக வேண்டுமா என்று ஏழெட்டு மாதமாகத் தெரியவில்லை. காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டில் கங்காணி எல்லார் முன்னாலும், "கத்தி உன்ன மறந்துருச்சா, நீ கத்திய மறந்துட்டியாப்பா?" என்று கேட்பார். இவர் சிரித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது.

அந்த மழையில் சுவரெல்லாம் ஈரம். பெட்டியைத் திறந்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பூசணம் பிடித்திருந்தன. அந்த வாரம் அவர் மேல் டிவிசனில் கூரை வேலைக்குப் போய் அங்கேயே தங்கியிருந்தார். மழையில் கொழுந்தும் குறைவு. எனக்கு அரை நாள் பேர்தான், அரைச் சம்பளம். சரி, அவர் வருவதற்குள் இதைச் சீராக்கிவிடலாம் என்று எல்லாத் தாளையும் பிரித்து, அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டேன்.

காய்ந்ததும் பாய்மேல் பரப்பிப் பார்த்தேன். எனக்குத் தலை சுற்றியது.

நூறு தாளுக்கு மேல் இருக்கும். அவற்றில் கொஞ்சம்தான் முழுப் படம். மீதியெல்லாம் பாதி. பாதிப் பூ, பாதிக் கூஜா, ஒரு பக்கத்துச் சிறகோடு நிற்கும் கழுகு, ஒரே கண்ணோடு ஒரு முகம். பாதி முடிகிற இடத்தில் மேலிருந்து கீழே புள்ளி புள்ளியாக ஒரு கோடு வேறு. ஒவ்வொரு மூலையிலும் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் படித்தவள். தமிழ் எழுத்துக் கூட்டுவேன். இங்கிலீஷ் எனக்குப் புழு நெளிவது போலத்தான். ஈரத்தில் எல்லாம் நடுவில் கிழிந்துவிட்டது, மற்றப் பாதிகள் இந்தக் குவியலுக்குள்ளேதான் கலந்து கிடக்கின்றன என்று எண்ணினேன். துரை "பத்திரம்" என்று சொல்லிக் கொடுத்தது, என் காவலில் இருந்தபோது கிழிந்திருக்கிறது.

எதிர்க் காம்பரா அக்கா வெற்றிலை கேட்டு வந்தவள், வாசலிலேயே நின்று பார்த்தாள்.

"என்னாடி இது, காயிதத்துக்கெல்லாம் கல்யாணம் பேசுறியா?"

"சிரிக்காதீங்கக்கா. எல்லாம் கிழிஞ்சு போச்சு. ஜோடி தேடுறேன்."

அவளும் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒவ்வொரு பாதியாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கழுகுக்கு மற்றச் சிறகு எங்கேயும் இல்லை. கடைசியில் கழுகுப் பாதிக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைக்கொடிப் பாதியை வைத்து, அக்கா, "ஒசரம் சரியா இருக்குடி. பொண்ணு மாப்பிள்ளைக்கு ஒசரம் ஒத்துப்போனா போதாதா?" என்றாள்.

"பறவைக்கு எப்பிடிக்கா திராட்ச மொளைக்கும்?"

"வெள்ளக்காரன் ஊரு பறவ. அங்க என்னென்ன மொளைக்குமோ, நீ கண்டியா?"

நான் காணவில்லை. அதுதான் என் குழப்பம். அந்த ஊர்ப் படங்களில் எது சரி, எது தப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்? சிங்கத்துக்குச் சிறகு இருந்த ஒரு முழுப் படமும் அந்தக் குவியலில்தான் இருந்தது. அதைப் பார்த்த பிறகு எதையும் மறுக்கத் தைரியம் வரவில்லை.

மூன்று நாள் அதுதான் வேலை. உயரம் ஒத்துப்போனவற்றை ஜோடி சேர்த்தேன். புள்ளிக்கோட்டு ஓரம் பூசணம் பிடித்துச் சுருண்டு அசிங்கமாக இருந்ததால், அவருடைய கத்தரிக்கோலை எடுத்து அந்த ஓரத்தை அரை விரல் அகலத்துக்கு வெட்டிச் சீராக்கினேன். பிறகு சோற்றுக் கஞ்சியால் ஒட்டினேன். பூவெல்லாம் ஒரு கட்டு, கொடியெல்லாம் ஒரு கட்டு, பறவை, மிருகம், கூஜா, மனிதர் என்று சுருட்டி, வெட்டிய ஓரத் துண்டுகள் அத்தனையையும் நாடாவாகச் சுற்றிச் சுற்றிக் கட்டினேன். நூல் மிச்சம். ஸ்டோரில் கேட்டு வாங்கிய தேயிலைப் பெட்டிக்குள் ஈயத்தாள் இருந்தது. ஈரம் உள்ளே போகாது. அதில் கற்பூரக் கட்டி போட்டு, சுருள்களை நெற்கட்டுப் போல நிறுத்தி மூடினேன். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வந்தார். நனைந்த கம்பளியைக்கூடக் கழற்றவில்லை.

"புள்ள, கேட்டியா? சீமைக்குப் போன தொரசாணி அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பி வர்றாங்க. பங்களா வராந்தா ஓரத்துல பூப்பலகை தொங்குமுல்ல, அழுகிப்போச்சுன்னு எல்லாத்தையும் கழட்டி அடுப்புல வெச்சுட்டாங்களாம். அதே பூவோட, அதே மாதிரி செஞ்சு மாட்டணுமாம். தொரையே கூப்பிட்டுச் சொன்னாரு."

"செஞ்சா?"

"செஞ்சா தச்சர் வேல எனக்குத்தான். இல்லாட்டி ஹட்டன்லேருந்து ஆள் வருதாம். நான் கவ்வாத்துக் கத்தியத் தீட்டிக்க வேண்டியதுதான்." பெட்டி இருந்த மூலையைப் பார்த்தார். "அது தொர கையால வெட்டுன பலகை. அந்தத் தாளு பெட்டிக்குள்ள இருக்கு."

"இருக்குங்க. எல்லாம் கிழிஞ்சு கெடந்துச்சு. ஒட்டி அடுக்கி வெச்சிருக்கேன்" என்றேன். என் குரலில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவர் பூக்கட்டை அவிழ்த்தார். முதல் தாளைப் பார்த்தார். இரண்டாவது, மூன்றாவது. பிறகு அவிழ்த்த பறவைக் கட்டில் கழுகும் திராட்சையும் வந்தது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்னா இது?"

"கழுகுங்க."

"இந்தப் பக்கம்?"

"அது... அந்த ஊருல அப்பிடி இருக்குமோன்னு..."

அவர் கத்தவில்லை. பாய்மேல் உட்கார்ந்துவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தாளை மடியில் விரித்துக்கொண்டு சொன்னார்: "கிழியலடி. அச்சடிக்கும்போதே பாதிதான். பாதிய ஒத்தி எடுத்து, புள்ளிக்கோட்ட நடுவா வெச்சு தாளத் திருப்பிப் போட்டு மறுபக்கம் ஒத்திக்கிட்டா முழுசா வந்துரும்."

எனக்கு விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். ஏன் பாதி அச்சடிக்க வேண்டும்? அவ்வளவு பெரிய ஊரில் தாளுக்கா பஞ்சம்?

வராந்தாப் பூ எது என்று அவருக்குத் தெரியும். நடுவில் அகலமாக விரிந்த ஒரு பூ, இரு பக்கமும் இலை. அதை நான் ஒரு கூஜாவோடு ஒட்டியிருந்தேன். கொதிக்கும் கேத்தல் ஆவியில் காட்டியதும் கஞ்சி இளகி இரண்டும் பிரிந்தன. அவர் அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார். இருட்டுவதற்குள் ஒரு பலகையோடு திரும்பி வந்தார். பலகையில் இருந்த பூ, மாசக்கணக்கில் பட்டினி கிடந்தது போல ஒடுங்கியிருந்தது.

"புள்ளிக்கோடு ஈரத்துல அழிஞ்சிருச்சுன்னுல்ல நெனச்சேன். ஓரத்த வெட்டுனியா?"

"சுருண்டு கெடந்துச்சுங்க..."

"நடுப்பூவுல ரெண்டு பக்கமும் அரை அரை வெரல் போயிருச்சு. இத மாட்டுனா தொர என் மூஞ்சியப் பாப்பாரா? அந்தத் துண்டு எங்க?"

மறுநாள் ஞாயிறு. பெரட்டு இல்லை. விடிந்ததும் எல்லாக் கட்டையும் அவிழ்த்து, நாடாக்களைப் பாய்மேல் நீட்டினேன். எண்பது தொண்ணூறு ஓரத் துண்டுகள், எல்லாம் ஒரே நிறம், ஒரே பூசணம். எந்தத் துண்டு எந்தத் தாளுடையது? வாசலில் பலகை இழைத்துக்கொண்டே அவர் அடிக்கடி உள்ளே எட்டிப் பார்ப்பார்.

அப்போதுதான் ஒன்றைக் கண்டேன். என் கத்தரி ஒரு தாளிலும் நேராகப் போகவில்லை. ஒன்றில் நடுவில் வளைந்திருந்தது, ஒன்றில் இரண்டு இடத்தில் பிசிறு. தாள் எப்படிக் கோணியதோ, அதன் துண்டும் அப்படியே கோணியிருந்தது. வராந்தாப் பூத்தாளில் மேலிருந்து நாலு விரல் கீழே ஒரு பல் போல மேடு. அதற்குப் பள்ளமுள்ள துண்டு வேண்டும். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். சோறு ஆக்கவில்லை. கடைசித் துண்டையும் வைத்துப் பார்த்தாயிற்று. அது அதில் இல்லை.

எதிர்க் காம்பரா அக்காவைக் கூப்பிட்டு, ஒரு நாடாவைக் காணவில்லை என்றேன். அவள் வந்து நின்று, முந்தானையில் முடிந்திருந்த பாக்குப் பொட்டலத்தை எடுத்தாள். அதைச் சுற்றிக் கட்டியிருந்தது ஒரு தாள் நாடா.

"அன்னைக்கு நான் பாக்கு வாங்க வந்தப்ப நீதானடி கட்டிக் குடுத்த?"

வாங்கி நீவி வைத்தேன். பல்லும் பள்ளமும் பொருந்தின. புள்ளிக்கோடும் அங்கே இருந்தது.

"நீ அங்க பொண்ணுக்கு மாப்பிள்ள தேடுற, மாப்பிள்ள எங்க வீட்டுல பாக்கக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காரு" என்றாள். வாசலில் இழைப்புளிச் சத்தம் நின்றது. அவர் சிரித்தார். இரண்டு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பத்துப் பலகை சரியான பூவோடு முடிந்தன. வேண்டியது பதினொன்று. காய்ந்த மரம் அதற்குமேல் இல்லை. வேறு வழியில்லாமல் அந்த ஒடுங்கிய பூவையே சமைக்கும் குசினிப் பக்கத்துக் கடைசி மூலையில் மாட்டினார்.

துரைசாணி வந்த அன்று எங்களுக்குப் பங்களாவுக்குக் கீழ் மலையில் கொழுந்து பறிப்பு. நான் கூடையோடு நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் வராந்தா நெடுக மெதுவாக நடந்தார்கள். மூலைக்கு வந்ததும் நின்று அண்ணாந்தார்கள். எனக்குக் கொழுந்து எடுக்கக் கை வரவில்லை. துரை ஏதோ சொன்னார். அவர்கள் சிரித்துவிட்டு உள்ளே போனார்கள்.

தச்சர் வேலை இவருக்கே ஆனது. கங்காணி அதற்குப் பிறகு கத்தியைப் பற்றிப் பேசவில்லை. அந்த மூலையில் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று பங்களாச் சமையல்காரரிடம் கேட்டேன்.

"அந்தப் பூவு தொர மொதல் மொதல் வெட்டுனது மாதிரியே இருக்குன்னு சொன்னாங்க. அதுவும் இப்பிடித்தான் ஒடுங்கிப் போயிருந்துச்சாம்" என்றார் அவர்.

அப்படியானால் துரையும் ஓரத்தை வெட்டியிருப்பாரா? மூலையில் எழுதியிருந்ததைப் படிக்க அவருக்கு இங்கிலீஷ் தெரியுமே? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பெட்டி மட்டும் கடைசிவரை என் காவலில்தான் இருந்தது. மீதித் துண்டுகளையும் அந்த மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அதனதன் தாளோடு சேர்த்து ஒட்டிவிட்டேன். கழுகுக்கு ஒரு சிறகுதான்.