ஃபர்ஸ்ட் பேஸிலிருந்து புருஷனைத் தூக்கிய யுவனேஸ்வரி

எல்லாம் சம்பலால் வந்தது என்றுதான் பேசிக்கொண்டார்கள். ராசமணி வீட்டுக் கிறிஸ்மஸ் விருந்தில் நரேந்திரன் தேங்காய்ச் சம்பலைத் திரும்பத் திரும்ப வாங்கித் தின்றுவிட்டு, "சம்பல்னா இதுதான். இவ்வளவு வருஷம் நான் என்னத்தத்தான் தின்னேன்?" என்று வாய்விட்டாராம். பக்கத்தில் நின்ற பெண்டாட்டி யுவனேஸ்வரி சிரித்துக்கொண்டே இருந்தாளாம். அந்தச் சிரிப்பு மாறாமல் வீட்டுக்குப் போனவள், மார்ச் மாத பைனலுக்கு முன்னால் புருஷனை பேஸ்பால் டீமிலிருந்து தூக்கி வெளியே போட்டாளாம். ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் கடைகளில் கிளம்பிய இந்தக் கதை, சர்ச் வாசலில் கொஞ்சம் சதை போட்டு, நியூ லின் ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்து இறங்கியபோது ராசமணி கையில் கரண்டியும் யுவனேஸ்வரி கையில் மட்டையும் முளைத்திருந்தன.

பொய்க்கு ருசி அதிகம்தான். ஆனால் நடந்தது அதைவிட வேடிக்கை.

யுவனேஸ்வரி கிள்ளானில் பிறந்தவள். மலேசியாவில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பேஸ்பாலின் தங்கச்சியான சாஃப்ட்பால் விளையாடுவது சாதாரணம். அவள் அதில் கேட்சர். முகத்தில் கூண்டு மாட்டிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, வருகிற பந்தையெல்லாம் பிடித்து, முன்னால் நிற்கிற எல்லோருக்கும் உத்தரவு போடுகிற வேலை. உத்தரவு போடுகிற பழக்கம் மட்டும் கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. ஆக்லாந்துக்கு வந்து, நியூ லின் மாலில் ஒரு செருப்புக் கடைக்கு மேனேஜரானாள். அவள் கடைக்குள் நுழைந்தவர்கள் வாங்க வந்த செருப்பை வாங்கிக்கொண்டு போனதாகச் சரித்திரமே இல்லை. அவள் சொன்ன செருப்பைத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள்.

நரேந்திரன் எலக்ட்ரீஷியன். கிரிக்கெட் கிளப்பில் அவரைக் கடைசி டீமுக்குப் பன்னிரண்டாவது ஆளாகப் போட்டுத் தண்ணீர் தூக்க வைத்தார்கள். அந்த ரோஷத்தில் ஞாயிற்றுக்கிழமை லீக்கின் அடிமட்டப் பிரிவில் சொந்தமாக ஒரு பேஸ்பால் டீம் ஆரம்பித்தார். ரோஸ்கில் பக்கம் எந்த மைதானத்தில் பார்த்தாலும் மைனா கூட்டம்தானே, டீமுக்கும் 'ரோஸ்கில் மைனாஸ்' என்று பெயர் வைத்தார். ஃபர்ஸ்ட் பேஸ் யாருக்கு என்று யாரும் கேட்பதற்கு முன்னால் தானே போய் நின்றுகொண்டார்.

யார் ஆடுவது, யார் பெஞ்சில் உட்காருவது என்று முடிவு செய்ய ஒரு ஆள் வேண்டுமே. அந்தப் பேச்சு வந்ததும் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நண்பனின் மச்சானை உட்கார வைத்துவிட்டு அடுத்த வாரம் அந்த வீட்டுப் பிறந்தநாளுக்கு எந்த முகத்தோடு போவது? கடைசியில், கூட்டத்துக்குக் கறிபாப் பொரித்துக் கொண்டுவந்த யுவனேஸ்வரி தலையில் அந்தப் பதவி விழுந்தது.

அவள் கூரையைப் பார்க்கிற ரகம் இல்லை. முதல் வாரமே ராசமணியின் புருஷன் டொமினிக்கைப் பந்து எறிகிற இடத்திலிருந்து இறக்கினாள். டொமினிக் யாழ்ப்பாணத்துக்காரர், பிளம்பர், ஓயாமல் கதைப்பவர்.

"ஏன் யுவனா, என்ர பந்துக்கு என்ன குறை?"

"உங்க பந்தைவிட உங்க வாய் வேகமா போவுது. கேட்சரா உட்காருங்க. அடிக்க வர்றவன் காதுக்குப் பக்கத்துலயே இருக்கலாம்."

அந்த சீசன் முழுக்க எதிராளிகளின் பேட்டர்கள் பந்தைப் பார்த்ததைவிட டொமினிக்கைத் திரும்பிப் பார்த்ததுதான் அதிகம். மைனாஸ் ஜெயிக்கவும் தொடங்கியது.

அந்த டொமினிக் கூட்டிவந்தவன்தான் கிரிஷான். மன்னார்ப் பையன், விரி என்கிற பேட்டையில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். ஊரில் ஓப்பனிங் பேட்ஸ்மேன். பேஸ்பாலை டிவியில்கூடப் பார்த்ததில்லை. முதல் நாள் பந்தை அடித்துவிட்டு மட்டையைக் கையில் பிடித்தபடியே ஓடினான். அம்பயர் மிரண்டு ஒதுங்கினார். களத்தில் நிற்கச் சொன்னால், கையுறை இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி வீசிவிட்டு வெறுங்கையால் பிடித்தான்.

"இது சரிப்படாது ஈஸ்வரி, திருப்பி அனுப்பிடு" என்றார் நரேந்திரன்.

 வெறுங்கையால் பிடித்தாலும் பிடித்தானே என்று யுவனேஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே, புல்லை உரசிக்கொண்டு வந்த பந்து.

"தம்பி, கிரிக்கெட்ல எங்க நிப்ப?"

"ஸ்லிப்பில அக்கா."

அவ்வளவு போதும் அவளுக்கு. மற்றவர்கள் தாறுமாறாக எறிகிற பந்தையெல்லாம் ஓரிடத்தில் நின்று அள்ளிப் பிடிப்பதுதான் ஃபர்ஸ்ட் பேஸ்காரன் வேலை. ஸ்லிப்பில் நின்று பழகியவனுக்கு இது அல்வா. ஆனால் அந்த இடத்தில் நின்றது அவள் புருஷன். நரேந்திரனுக்கு நாற்பத்தொன்பது வயது, முழங்கால் அதைவிட மூத்தது. நெஞ்சுக்கு நேராக வந்தால் பிடிப்பார். கீழே வந்தால் வழியனுப்பி வைப்பார்.

அவள் அவசரப்படவில்லை. பையனை நாலு மாதம் தனியாகப் பழக்கினாள். கையுறையைக் கழற்றக் கூடாது என்று அவன் மணிக்கட்டோடு சேர்த்து டேப் ஒட்டிவிட்டாள். அடிப்பதில் அவனிடம் அவள் கண்டுபிடித்தது இன்னொரு விஷயம். ஓப்பனிங் பேட்ஸ்மேன் ஆச்சே, வெளியே போகிற பந்தை அவன் தொடவே மாட்டான். மட்டையைத் தூக்கிக்கொண்டு மரியாதையாக விட்டுவிடுவான். பேஸ்பாலில் அப்படித் தப்பான பந்து நாலை அடிக்காமல் விட்டால் சும்மாவே ஃபர்ஸ்ட் பேஸுக்கு நடந்து போகலாம். கிரிஷான் நடந்துகொண்டே இருந்தான். அவனுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

"அடிக்காமல் போறது வெக்கமாக் கிடக்குது அக்கா. பிச்சை எடுக்கிற மாதிரி."

"ஓசியில விமானத்துல ஏத்தினா வேணாம்னு இறங்கிடுவியா? நட."

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. நரேந்திரன் வேலையாக ஹாமில்டன் போயிருந்தார். ஃபர்ஸ்ட் பேஸில் கிரிஷானை நிறுத்தினாள். கடைசி இன்னிங்ஸ், மைனாஸ் ஒரு ரன் முன்னால். எதிராளிகளில் ஒருவன்தான் அவுட், இரண்டாவது பேஸில் ஒருவனும் மூன்றாவது பேஸில் ஒருவனும் நிற்கிறார்கள். பந்து வானத்தில் ஏறியது. கிரிஷான் பின்னாலேயே ஓடி, பாய்ந்து, விழுந்து, பிடித்தான். அப்படி ஒரு பிடியை அந்த மைதானம் பார்த்ததில்லை. பிடித்தவன் என்ன செய்தான்? மன்னாரில் என்ன செய்வானோ அதையே செய்தான். பந்தை வானத்தை நோக்கி வீசிவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு டொமினிக்கைக் கட்டிப்பிடிக்க ஓடினான்.

பேஸ்பாலில் கேட்ச் பிடித்தாலும் ஆட்டம் நிற்காது. மூன்றாவது பேஸில் நின்றவன் சாவகாசமாக ஓடிவந்து ரன் எடுத்தான். கிரிஷான் வீசிய பந்து எங்கே விழுந்தது என்று எல்லோரும் தேடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது பேஸில் நின்றவனும் வந்து சேர்ந்து ஆட்டம் கைவிட்டுப் போனது.

அன்று மாலை டீம் முழுக்க அவனைத் தூக்கச் சொன்னது. ஹாமில்டனிலிருந்து போனிலேயே விஷயம் தெரிந்துகொண்ட நரேந்திரன், "நான் அப்பவே சொல்லலை?" என்பதை வாசலில் ஒரு தரமும் சாப்பாட்டு மேஜையில் பல தரமும் சொன்னார்.

யுவனேஸ்வரி தூக்கவில்லை. அடுத்த பயிற்சியிலிருந்து ஒரே ஒரு பாடம்தான். பந்தைப் பிடித்ததும் மூன்றாவது பேஸைப் பார்க்க வேண்டும். அங்கே யாரும் ஓடவில்லை என்றால் மட்டும் சிரிக்கலாம்.

"பாரு. அப்புறம் சிரி."

"ஓம் அக்கா."

"சிரிச்சிட்டுப் பார்க்கக் கூடாது."

"ஓம் அக்கா, விளங்குது."

எப்படியோ மைனாஸ் பைனலுக்கு வந்துவிட்டது. அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம், ரொட்டி சுட்டுக்கொண்டே யுவனேஸ்வரி சொன்னாள்.

"பைனல்ல ஃபர்ஸ்ட் பேஸ் கிரிஷான்."

நரேந்திரன் மெல்லுவதை நிறுத்தினார். "அப்போ நானு?"

"ஃபர்ஸ்ட் பேஸ் பக்கத்துல."

"பக்கத்துலன்னா?"

"கோட்டுக்கு வெளிய. நம்ம ஆளு ஓடி வர்றப்போ எங்க நிக்கணும், எப்போ ஓடணும்னு சத்தம் போட ஒரு கோச் வேணும். உங்களுக்குச் சத்தம் நல்லா வரும்."

"டீமை ஆரம்பிச்சவன் நான். பேரு வச்சவன் நான். சாமானெல்லாம் ஏத்திட்டுப் போற வேன் என்னோடது!"

"வேனை ஃபர்ஸ்ட் பேஸ்ல நிறுத்துங்க. அதைத் தாண்டியாச்சும் பந்து போவாது."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு மகள் வழியாகத்தான் நடந்தது. "ஷர்மினி, உங்கம்மாகிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு." அவள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "டாட், ஷி இஸ் ரைட் ஹியர்" என்பாள். யுவனேஸ்வரி வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர உள்ளுக்குள் ஆடித்தான் போயிருந்தாள். பையன் மறுபடியும் சொதப்பினால் போவது பைனல் மட்டும் இல்லை. அடுத்த இருபது வருடத்துக்கு "நான் அப்பவே சொல்லலை?" அவள் வீட்டில் குடித்தனம் வந்துவிடும். அதைவிட, ஆசைப்பட்டு டீம் கட்டிய மனுஷனை அவர் கட்டிய டீமிலேயே வெளியே நிறுத்திவிட்டோமே என்பதும் குத்தியது. ஆனாலும் முடிவை மாற்றவில்லை.

ஞாயிறு காலை நரேந்திரன் வேனை எடுத்தார். வழியில் மழை வந்து, வெயில் வந்து, மறுபடி மழை வந்தது. அவர் வாயிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. மைதானத்தில் போய்க் கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சத்தம் போட நிறுத்தி வைத்த ஆள் ஊமையாக நின்றார்.

கிரிஷான் புல்லை உரசிய பந்தையெல்லாம் அள்ளினான். ஒவ்வொரு தரமும் மூன்றாவது பேஸைப் பார்த்தான், அப்புறம் சிரித்தான். கடைசி இன்னிங்ஸில் இரண்டு பக்கமும் சமம். மைனாஸ் அடிக்கிற முறை, இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் ஆள். அடிக்க வந்தது கிரிஷான். தப்பான பந்து மூன்றை விட்டான், நல்ல பந்து இரண்டைத் தவறவிட்டான். இன்னும் ஒரு நல்ல பந்தைக் கோட்டைவிட்டால் அவுட். தப்பான பந்தாக வந்தால் அவன் ஃபர்ஸ்ட் பேஸுக்கு நடக்க, எல்லோரும் ஒரு பேஸ் தள்ளிப் போக, மூன்றாவது பேஸில் நிற்பவன் உள்ளே வந்து வெற்றி ரன் ஆவான்.

"அடியடா கிரிஷான்! கண்ணை மூடிக்கொண்டெண்டாலும் அடியடா!" டொமினிக் கத்தினார். பெஞ்சே கத்தியது.

பந்து வந்தது. கிரிஷான் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கினான். பந்து ஒரு சாண் வெளியே போனது.

"பால்!" என்றார் அம்பயர், தப்பான பந்து என்று அர்த்தம்.

மூன்றாவது பேஸில் நின்றவன் குதித்துக்கொண்டே உள்ளே வந்தான். பெஞ்ச் காலியானது. கிரிஷான் மட்டையை வானத்தில் வீசிவிட்டு டொமினிக்கைப் பார்த்து ஓடினான். கிரிக்கெட்டில் வெற்றி ரன் வந்தால் ஆட்டம் முடிந்தது. இங்கே அவன் போய் ஃபர்ஸ்ட் பேஸைத் தொடுகிறவரைக்கும் அந்த ரன் ரன்னே இல்லை. எதிரணிக் கேட்சர் இதைக் கவனித்துவிட்டான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அம்பயரைப் பார்த்தான். 

"டேய் தம்பி! இங்க வாடா!"

கையைக் கட்டிக்கொண்டு நின்ற நரேந்திரன்தான். கூரைக்கு மேலிருந்து கீழே நிற்கிற ஆளிடம் வயர் கேட்கிற அந்தக் குரல். மைதானத்து மைனாவெல்லாம் ஒரேயடியாகப் பறந்தன. கோச் ஆட்டக்காரனைத் தொட்டு இழுக்கக் கூடாது என்பது சட்டம், அதனால் இருந்த இடத்திலேயே குதித்தார். "இங்க மிதிடா! மிதிச்சிட்டு அப்புறமா யாரை வேணாலும் கட்டிப்புடி!"

கிரிஷான் திகைத்து, திரும்பி, பேய் துரத்துகிற மாதிரி ஓடிவந்து ஃபர்ஸ்ட் பேஸை இரண்டு காலாலும் மிதித்தான். பிறகு ஞாபகம் வந்து மூன்றாவது பேஸைப் பார்த்தான். அப்புறம்தான் சிரித்தான்.

நரேந்திரன் நேராகப் பெண்டாட்டியிடம் வந்தார். மகள் இல்லாமலே பேசினார். "பார்த்தியா? நான் மட்டும் அங்க நிக்கலைன்னா?"

"அதுக்குத்தானே நிக்க வச்சேன்" என்றாள் யுவனேஸ்வரி. முன்கூட்டியே யோசித்து வைத்தாளா, அந்த நிமிடத்தில் வாய்க்கு வந்ததா என்பதை ஆக்லாந்தின் எந்த வம்புக்காரராலும் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

சம்பல் கதை கடைசியாகத்தான் அவள் காதுக்கு வந்தது. கேட்டது வேறு யாரும் இல்லை, ராசமணியேதான். த்ரீ கிங்ஸ் டெய்ரிக் கடை வரிசையில் பால் எடுத்துக்கொண்டு நின்றவளிடம் தயங்கித் தயங்கி, "அக்கா, என்ர சம்பலாலதான் அண்ணையைத் தூக்கினீங்கள் எண்டு சனம் கதைக்குது. ஓமோ?" என்றாள்.

"உன் சம்பல் என்னோடதைவிட நல்லாத்தான் இருக்கும், அதை நானே சொல்வேன். அவருக்கு ஃபர்ஸ்ட் பேஸ் ஆடத் தெரியலை, தூக்கினேன். அடுத்த சீசனும் தூக்குவேன். நகரு, பின்னால ஆள் நிக்குது."