தமேக் ஸ்தூபத்தின் மறுபக்கம்

காலை 8.40. வாரணாசியில் நாங்கள் தங்கிய விடுதியிலிருந்து சாரநாத் பத்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய் பேசினோம். டிசம்பர் மூடுபனியில் எதிரே வரும் லாரிகள் மிக அருகில் வந்த பிறகுதான் தெரிந்தன. ஒவ்வொரு முறையும் மகள் நிலாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். செப்டம்பரில், கல்லூரியிலிருந்து அமெரிக்காவில் எங்கள் வீடிருக்கும் சான்டா கிளாராவுக்குத் தனியாக ஓட்டி வந்தவளின் காரை ஃப்ரீவேயில் ஒரு டிரக் பின்னாலிருந்து இடித்தது. தோள் எலும்பு முறிந்து, ஆறு வாரத்தில் கூடிவிட்டது. நான்தான் இன்னும் ஃபோன் அடித்தால் முதல் மணியிலேயே பாய்ந்து எடுக்கிறேன்.

ஜனவரியில் தானே காரை ஓட்டிக்கொண்டு கல்லூரிக்குத் திரும்பலாமா என்று விமானத்தில் கேட்டிருந்தாள். அவள் அப்பா முடிவை என்னிடம் விட்டுவிட்டார். ஊர் திரும்புவதற்குள் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டிருந்தேன்.

9.20. நுழைவுச்சீட்டு இந்தியருக்கு இருபத்தைந்து ரூபாய், வெளிநாட்டவருக்கு முந்நூறு. நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான். நிலா அமெரிக்காவிலேயே பிறந்தவள். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையைக் காட்டினால் அவளுக்கும் இருபத்தைந்துதான். தொலைந்துவிடும் என்று பயந்து அதை விடுதிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியவள் நானே.

“ஸோ யூ லாக்ட் அப் மை இந்தியா, அம்மா,” என்று சிரித்தபடி முந்நூறை எடுத்து நீட்டினாள்.

உள்ளே பனி விலகத் தொடங்கியிருந்தது. முழங்கால் உயரச் செங்கல் சுவர்கள், பிக்குகள் தங்கிய சிறு அறைகளின் சதுரங்கள், நடுவே புல். இருபத்தொரு வருடங்களுக்கு முன், அமெரிக்கா கிளம்புவதற்குச் சில நாள் இருக்கும்போது, நிலாவின் அப்பாவும் நானும் இங்கே வந்தோம். வெளியே வாங்கிய கொய்யாவை உப்புத் தொட்டுத் தின்றபடி நடந்தோம். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று நான்கு நாள் யாருக்கும் தெரியாது. ஐந்தாம் நாள் ஓர் எஸ்டிடி பூத்திலிருந்து ஈரோட்டுக்குக் கூப்பிட்டபோது, அம்மா கேட்டது ஒன்றுதான்: “அங்க குளுருதா கண்ணு?” அந்த நான்கு நாளும் அவள் எப்படி இருந்தாள் என்று நான் கேட்டதே இல்லை.

10.15. தமேக் ஸ்தூபம் நூறடிக்கும் மேல் உயரம். உள்ளே போக வழியில்லாத, கெட்டியான கட்டடம். இலங்கையிலிருந்து வந்த யாத்திரிகர்கள் வெள்ளை உடையில் அதை வலம் வந்துகொண்டிருந்தார்கள். நிலாவும் சேர்ந்துகொண்டாள். நான் புல்லில் உட்கார்ந்து, வழக்கம்போல் ஃபோன் வரைபடத்தில் அவள் இருக்குமிடத்தைக் காட்டும் புள்ளியைத் தேடினேன். அது என் புள்ளியின் மேலேயே நின்றது. ஸ்தூபத்தின் அகலத்தைப் பிரித்துக் காட்ட அதற்குத் தெரியவில்லை.

கண்ணால்தான் பார்க்க வேண்டியிருந்தது. அவள் மறைந்ததும் எண்ணத் தொடங்கினேன். நாற்பதில் மறுபக்கம் வந்தாள். இரண்டாம் சுற்றிலும் நாற்பது. மூன்றாம் சுற்றில் நாற்பது போயிற்று, அறுபது போயிற்று. எழுந்துவிட்டேன்.

பக்கத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்த சிங்களப் பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நிலாவிடம் நான் பேசியதைக் கேட்டிருப்பார் போல, அரைகுறைத் தமிழில் சொன்னார்: “மகளா? வருவாங்க. சுத்தித்தானே போறாங்க, வேற எங்க போறது?”

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, உட்காரவும் முடியவில்லை. தொண்ணூற்றைந்தில் நிலா வந்தாள், அவசரமே இல்லாமல். பின்புறம் கல்லில் பூவேலைப்பாடு இன்னும் அழகாம், நின்று பார்த்தாளாம். என் பக்கம் வந்ததும் முகத்தைக் கவனித்தாள்.

“யூ வேர் கவுன்ட்டிங்.”

“ஜனவரில நீயே ஓட்டிட்டுப் போ கண்ணு.”

“ஆர் யூ ஷ்யூர்?”

“இல்ல. போ.”

அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். நான்காவது சுற்றை இருவருமாக நடந்தோம். பூக்கள் அவள் சொன்னது போலவே இருந்தன. முன்பு வந்தபோது நான் இந்தப் பக்கம் வரவேயில்லை.

ஜனவரி, சான்டா கிளாரா, காலை பத்து மணி. ஃபோனை வேண்டுமென்றே மாடியில் வைத்துவிட்டு வாசலில் நின்றேன். அவள் கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. பழக்கத்தில் நாற்பது வரை எண்ணினேன். இந்தத் தெரு சுற்றி வருவதில்லை. உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன்.

பன்னிரண்டரைக்கு மாடியில் ஃபோன் அடித்தது.

“ரீச்ட், அம்மா.”

சாலை எப்படி, எத்தனை வேகத்தில் போனாய் என்றெல்லாம் வாய் வரை வந்தது. அங்கே குளிருகிறதா என்று கேட்டேன்.