பத்தியம் இல்லாத மிக்ஸ்சர்

நோய் தீர்ந்தால் டாக்டருக்குக் கைராசி. தீராவிட்டால் கம்பவுண்டர் தண்ணீர் கலந்துவிட்டான். என்னைப் போல் மருந்து கலக்கிப் பிழைத்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உலகச் சண்டைக் காலத்தில் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டராக இருந்தேன். கப்பலில் மருந்துச் சரக்கு வருவதே அபூர்வமாகிவிட்டதால், ஊரே என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தது. நானும் ஊரை அப்படித்தான் பார்த்தேன்.

என்ன பத்தியம்?

பனையேறி சுடலைமுத்து, ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி பேச்சியம்மாளை அழைத்து வந்தார். டாக்டர் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்ல. இப்படியே போனா பிரசவத்தத் தாங்க மாட்டா" என்று என் காதோரம் சொல்லி, இரும்புச் சத்து மிக்ஸ்சர் எழுதினார். அவர்கள் கொண்டுவந்த பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காட்டும் காகிதத்தையும் ஒட்டிக் கொடுத்தேன்.

"பத்தியம் என்ன அண்ணாச்சி?" என்றார் சுடலைமுத்து. "ஒண்ணும் கிடையாது. எல்லாம் சாப்பிடலாம்" என்றேன். அன்றைக்கு நாற்பது பேராவது அதையே கேட்டிருந்தார்கள். எனக்கு அலுத்துப் போயிருந்தது. நாட்டு மருந்தென்றால் வைத்தியர்கள் புளி ஆகாது, மீன் ஆகாது என்று நீளமாகச் சொல்லி அனுப்புவார்கள். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பத்தியம் இல்லன்னா அது வெறும் பச்சத்தண்ணிதான?"

ஜாடிக்குள் விரல்

மூன்று வாரம் கழித்துப் பேச்சியம்மாள் வந்தபோது நாலு படி ஏறுவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்தாள். முகம் இன்னும் வெளுத்திருந்தது. சுடலைமுத்து நேராக டாக்டர் அறைக்குள் போய், நான் மருந்தை வெளியில் விற்றுவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. மருந்தின் கசப்புக்குப் பயந்து இவள்தான் வாசலில் கொட்டுகிறாள் என்று நான் முடிவே கட்டியிருந்தேன்.

எனக்கு முன்னால் இருந்த கம்பவுண்டர் மருந்தை விற்றுத் தண்ணீர் ஊற்றியதற்காகத்தான் வேலையை இழந்தவர். டாக்டர் மருந்து ஜாடிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். முகம் கோணியது. அப்படியும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை.

"இந்த ஜாடி சரி. போன வார ஜாடி எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கண்முன்னே ஒரு வேளை

"அவ குடிக்கிறாளான்னு மட்டும் யாருக்குத் தெரியும்? என் கண் முன்னால குடிக்கட்டும்!" என்று கத்தினேன். பேச்சியம்மாள் சற்றும் தயங்கவில்லை. கூடையிலிருந்து ஒரு செம்பை எடுத்தாள். காலையில் இறக்கிய பதநீர். பாதி டம்ளர் ஊற்றி, மருந்தை அதில் சாய்த்தாள். டம்ளர் கலங்கிப் பாசி நிறமாகி, அடியில் சகதி இறங்கியது.

டம்ளரை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது இந்தச் சீமையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சுண்ணாம்பும் இந்த மருந்தும் ஒரே பாட்டிலில் சேரக் கூடாது என்று நான் பரீட்சைக்குப் படித்தவன். ஒரே வயிற்றில் சேரலாமா என்று யோசித்ததில்லை. மூன்று வாரமாக இரும்பு அவள் உடம்பில் ஒட்டவே இல்லை. டாக்டரைக் கூப்பிட்டு டம்ளரைக் காட்டினேன். "தண்ணியிலதான் குடிக்கணும். குடிச்ச பிறகு ரெண்டு மணி நேரம் பதநீர் கூடாது" என்று அவர் சொன்னார். எதற்காக இதில் கலந்தாய் என்று அவளைக் கேட்டேன்.

"சூரணத்தத் தேன்ல குழைக்கச் சொல்லுவாவ. நீங்க எதுலன்னு சொல்லல, வீட்டுல இருந்தது இதுதான்."

ஓலைக் கொட்டான்

பிரசவம் ஆகும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. சுடலைமுத்து வாசலில் தெரிந்தபோது அவர் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். பெண் குழந்தை, தாயும் பிழைத்துக்கொண்டாள். பனையோலையில் முடைந்த கொட்டான் நிறையக் கருப்பட்டி கொடுத்தார். மணல் இருக்குமோ என்று ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"கருப்பட்டி சுத்தம் அண்ணாச்சி. பத்தியம் உண்டான்னு நான் அன்னைக்கே கேட்டேம்லா, நீருதான் ஒண்ணுமில்லன்னு சொன்னீரு."

அதற்குப் பிறகு தலைவலி மாத்திரை வாங்க வருகிறவரைக்கூடக் காலையிலிருந்து என்னென்ன உள்ளே போனது என்று நான் போலீஸ்காரனைப் போல் விசாரிக்காமல் விடுவதில்லை.