கோகோவில் துரு

தையல் கூடத்தில் அவளுக்கு மோப்பக்காரி என்று பெயர். சட்டைக் கழுத்துகளில் லேபிள் தைப்பது அவள் வேலை. தன் சட்டையில் இருக்கும் லேபிளை மட்டும் நூல்கூட மிஞ்சாமல் பிரித்து எறிந்துவிட்டுத்தான் போடுவாள்.

"ஊரார் கழுத்தையெல்லாம் அரிக்க விட்டுட்டு நீ மட்டும் சுகமா இரு" என்பாள் மேற்பார்வை பார்க்கும் அக்கா. கேலியைப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த அக்காவின் தலை எண்ணெயும் வியர்வையும் கலந்து வரும் வாடைதான் குமட்டும். மதியத்தில் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு மெல்லும் சத்தம் அதைவிட மோசம். தட்டைத் தூக்கிக்கொண்டு துணி மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்காருவாள்.

முப்பத்தைந்தாம் வயதில்தான் ஒரு மருத்துவர் இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். அதுவரை வீட்டில் இதற்குக் கொழுப்பு என்று பெயர்.

அவள் வாய் ஏற்றுக்கொண்டவை மூன்று: வெறும் சோறு, அவித்த உருளைக்கிழங்கு, கோகோ கலந்த பால். மற்றதெல்லாம் நாக்கில் பட்டதும் புழு நெளிவதுபோல் இருக்கும். இரத்தம் குறைந்துபோய் ஒருநாள் தையல் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்தாள்.

"தேறி வா, வேலை இருக்கும். ஊசிக்கடியில விரல் போச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

இரும்புச்சத்து மாத்திரை ஒவ்வொன்றும் போன வழியே திரும்பி வந்தது. "நரம்புல ஏத்திடலாம்" என்றார் மருத்துவர்.

கூட வந்திருந்த தம்பி குறுக்கே விழுந்தான். "ஊசியா? லேபிள் உரசினாலே அழுவா, டாக்டர். குடிக்கிற மருந்தாவே குடுங்க."

அவள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். மேசை ஓரத்தில் யாருடைய மூக்கிலிருந்தோ வந்தது காய்ந்து ஒட்டியிருந்தது. வாயைத் திறந்தால் வாந்தி வரும் என்று இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாலை தம்பி மனைவி கொடுத்த கோகோவில் ஒரு மிடறுதான் குடித்தாள். துருப்பிடித்த ஆணியை நக்கியது போல் இருந்தது. தொட்டியில் துப்பிவிட்டு, நாக்கைத் துண்டால் அழுத்தித் தேய்த்தாள்.

"என்ன கலந்தே?"

"ஒண்ணுமில்லையே அண்ணி."

அதன் பிறகு அவள் அந்தக் கையால் சமைத்த சோற்றையும் தொடவில்லை, கிழங்கையும் தொடவில்லை. அடுத்த நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

தம்பி மனைவி பொறுமை இழந்தாள். "சரி, மருந்துதான் கலந்தேன். நல்லதுக்குத்தானே? விஷமா வெச்சேன்?"

"விஷம்னா ஒரு தடவையோட முடிஞ்சிருக்கும். இனிமே ஒவ்வொரு தடவையும் முகர்ந்து பாக்கணும்."

"அப்படி என்னதான் இருக்கு இதுல!" மருந்துப் புட்டியைத் திறந்து மூடியில் ஊற்றி வாயில் கவிழ்த்தாள் தம்பி மனைவி. முகம் கோணியது. தொட்டிக்கு ஓடினாள். "சீ! கருமம்!" வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஊசியும் ஆகாது, இதுவும் ஆகாதுன்னா நாங்க என்னதான் பண்றது?"

"ஊசி ஆகாதுன்னு யார் சொன்னா?"

"உங்க தம்பிதான்..."

"என்னைக் கேட்டீங்களா? ஊசிக்கு ருசி கிடையாது. குத்தினா வலிக்கும், அவ்வளவுதானே?"

மருந்து ஏற்றிய அன்று பஞ்சில் நனைத்த ஸ்பிரிட் வாடைதான் தாங்கவில்லை. தன் பழைய துண்டுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு கையை நீட்டினாள். ஊசியைப் பார்த்ததும் தம்பிதான் வெளிறிப்போய் வெளியே நழுவினான்.

"யாருக்கு ஆகாதுன்னு இப்பதான் தெரியுது" என்றாள் அவன் மனைவி.

சில வாரங்களில் அவள் வேலைக்குத் திரும்பினாள். சோற்றையும் கிழங்கையும் தன் பாத்திரத்தில் தானே வேகவைத்துக்கொண்டாள். ஒருநாள் தம்பி மனைவி பிரிக்காத கோகோ டப்பா ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். "நீங்களே பிரிங்க. நான் தொடலை."

பிரித்தாள், முகர்ந்தாள், கலந்தாள். முதல் மிடறிலேயே அந்தத் துரு வந்தது. போய்த் துப்பினாள்.

"இதுல எதுவும் கலக்கலையே அண்ணி!"

"தெரியும். நாக்குக்குத்தான் இன்னும் தெரியல."

தம்பி மனைவி டப்பாவை மூடினாள். "இருக்கட்டும். அடுத்த மாசம் முகர்ந்து பாருங்க."

"கையைக் கழுவிட்டு மூடினியா?"

"கழுவிட்டுத்தான், தாயே!"