கோரினுக்குப் பத்து

கோரின் மாக்கிக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. நாற்பத்தெட்டு வயதுக்குள் கனடாவின் சட்பரியில் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்திருந்தாள், கெனோராவில் டாக்சி ஓட்டியிருந்தாள், பான்ஃபில் விடுதி ஒன்றில் சமைத்திருந்தாள். நடுவில் ஒருவனைக் கட்டிக்கொண்டு அவனையும் விட்டாயிற்று. யாரோடும் சண்டை கிடையாது. ஒருநாள் காலையில் ஆள் இருக்கமாட்டாள், அவ்வளவுதான். போகிறேன் என்று சொன்னால் எதிரே நிற்பவர் முகம் மாறும். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. சொல்லாமல் போவதுதான் நாசூக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். என்னைக் கேட்டிருந்தால் கோழைத்தனம் என்று சொல்லியிருப்பேன். அவள் என்னைக் கேட்கவில்லை.

தண்டர் பே என்ற ஏரிக்கரை ஊருக்கு ரொட்டி வேன் ஓட்ட வந்தாள். சில மாதங்களிலேயே பழையபடி இருப்புக் கொள்ளாமல் ஆனபோது, உடம்பை அடித்துப்போட்டால் மனசும் அடங்கும் என்று நினைத்து டோம் பெல்லுச்சியின் ஜிம்மில் சேர்ந்தாள். முன்பு டயர் கடையாக இருந்த இடம் அது. முன்பக்கம் ஒரு ஷட்டர், உள்ளே இரும்புக் கம்பிகள், ரப்பர் பாய்கள். ஹீட்டர் என்று ஒன்று இருந்தது, பேருக்கு. விடிவதற்கு முன்பே ஒரு கூட்டம் அங்கே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

டோமிடம் ஒரே ஒரு சட்டம்தான். வரமுடியாவிட்டால் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். காரணம் யாரும் கேட்கமாட்டார்கள். ஜிம்மை விட்டே நின்றுகொள்கிறேன் என்றாலும் சரி, சொல்லிவிட்டால் போதும். சொல்லாமல் இருந்துவிட்டால் வந்திருப்பவர்கள் அத்தனை பேரும் வராதவர் பேரில் பத்து பர்ப்பி எடுக்க வேண்டும். பர்ப்பி என்பது தரையில் விழுந்து, நெஞ்சு படக் கிடந்து, எழுந்து, கைகளைத் தூக்கிக் குதிப்பது. முதலாவதை எடுக்கும்போது சிரிப்பு வரும். ஐந்தாவதுக்குப் பிறகு வராதவருடைய பரம்பரையே ஞாபகத்துக்கு வரும்.

கோரினுக்கு இதெல்லாம் சின்னப்பிள்ளைத்தனமாகத்தான் பட்டது. இருந்தும் தினமும் போனாள். முதல் குளிர்காலத்தில் வெறும் கம்பியைத் தூக்கவே கை நடுங்கியது. இரண்டாவது குளிர்காலத்தில் தன் எடைக்கு மேலேயே தரையிலிருந்து தூக்கினாள். அன்றைக்குக் குப்பை லாரி ஓட்டும் டக், "ஏய், இவகிட்ட யாரும் வம்பு வச்சுக்காதீங்கப்பா, தூக்கி ஏரியில போட்டுடுவா!" என்று கத்தினான். அந்த வாரம் அவள் இடுப்புக்கு ஒரு நல்ல தோல் பெல்ட் வாங்கினாள். கனமான சாமான். ஊர் ஊராய்ப் போகிறவர்கள் கனமான சாமான் வாங்கமாட்டார்கள். வாங்கிய பிறகுதான் அவளுக்கே திக்கென்றது. பெல்ட்டை ஜிம்மிலேயே, ஷட்டருக்கு அருகில் இருந்த கொக்கியில் மாட்டிவிட்டாள்.

வினை ஹேசல் ரூபத்தில் வந்தது. ஹேசல் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்ப்பவள், அறுபதைத் தாண்டியவள், வலது முட்டி தேய்ந்துபோனவள். ஒருநாள் ஷூ நாடாவை முடிந்துகொண்டே, உப்பு எடுத்துக் கொடு என்பது மாதிரி சொன்னாள்.

"கோரின், எனக்கு முட்டி மாத்துறாங்க. கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வேணுமாம். உன் பேரைக் குடுத்துட்டேன்."

"என் பேரையா? உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"கிடைப்பாங்க. உன்னைத்தான் பிடிச்சிருக்கு. என்ன, முடியாதா?"

"முடியும், முடியும்" என்றாள் கோரின்.

அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒருவர் தன்னை நம்பி நாள் குறித்துவிட்டார் என்றதும் வீடே சின்னதாகிப்போனது. எழுந்து நடந்தாள், பாத்திரம் கழுவினாள், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். வாரம் முடிவதற்குள், வடமேற்கே வெகுதூரம் தள்ளியிருந்த வொய்ட்ஹார்ஸில் ஒரு ஹோட்டலில் வேலை பேசி முடித்துவிட்டாள். ஹேசலின் ஆபரேஷனுக்கு முன்னால் ஊரை விட்டுப் போய்விட வேண்டும். ஜிம்முக்குப் போவதை நிறுத்தினாள். டோம் கூப்பிட்டான், எடுக்கவில்லை. ஒரு மாலை வீட்டுக் கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே ரோஜா நிறச் சர்க்கரைப் பாகு பூசிய பெர்ஷன் பன், அந்த ஊர்க்காரர்கள் உயிரை விடும் பன். ஹேசல்தான் வைத்திருப்பாள் என்று தெரியும். நின்றபடியே, கோபம் கோபமாகத் தின்று தீர்த்தாள்.

கிளம்பவேண்டிய நாள் வந்தது. சாமான்களெல்லாம் காரில் ஏறிவிட்டன. பெல்ட் ஒன்றுதான் பாக்கி. கூட்டம் விடிகாலையில் முதலில் தெருவைச் சுற்றி ஓடிவிட்டு வரும். அந்த நேரத்தில் ஷட்டர் பாதி திறந்திருக்கும், உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். கையை நீட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம். நல்ல யோசனைதான். ஆனால் முந்தின நாள் மழை பெய்து உறைந்திருந்தது. கண்ணாடியாய் வழுக்கும் தெருவில் அன்று யாரும் ஓடப்போகவில்லை. இது அவள் ஷட்டர் அருகே வந்த பிறகுதான் தெரிந்தது.

"அடுத்தது கோரினுக்குப் பத்து!" என்றது டோமின் குரல்.

"இன்னிக்குமா? அவ தொலைஞ்சுபோனா போயிட்டுப் போறா, நம்ம உசுரை ஏன்யா வாங்குறா?" இது டக்.

"போறேன்னு சொன்னாளா?"

"சொல்லல."

"அப்ப வரலைன்னுதானே அர்த்தம்? விழு."

கோரின் குனிந்து பார்த்தாள். பாதிக் கதவுக்குக் கீழே கைகளும் கால்களும் மட்டும் தெரிந்தன. எல்லாம் தடதடவென்று விழுந்து எழுந்தன. ஓரத்தில் ஒரு ஜோடி கால் மட்டும் மெதுவாக மடங்கியது. ஒரு கை மரப்பெட்டியைப் பிடித்துக்கொண்டது, வலது முட்டி நடுங்கிக்கொண்டே தரைக்கு இறங்கியது. அந்தப் பச்சை நாடா ஷூ ஹேசலுடையது. இத்தனை நாளும் அந்த முட்டியோடு, தன் பேரில்.

கோரின் நிமிர்ந்தாள். வாழ்க்கையில் அவள் எத்தனை ஊரைவிட்டுப் போயிருக்கிறாள்! அவள் போன பிறகு அங்கே என்ன நடந்தது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இப்போதுதான் பார்க்கிறாள். ஷட்டருக்குள் நுழைந்தாள்.

"ஹேசல், எழுந்திருங்க! உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"வந்துட்டாடா மகராசி!" என்றான் டக், தரையில் கிடந்தபடியே.

ஹேசல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னும் மூணு இருக்கு. தொந்தரவு பண்ணாதே."

கோரின் பனிக்கோட்டோடும் பூட்ஸோடும் அவளுக்குப் பக்கத்தில் விழுந்தாள், எழுந்தாள், குதித்தாள். மூன்றையும் எடுத்து முடித்தபோது கண்ணில் நீர் வழிந்தது. வியர்வை என்று யாரும் நம்பமாட்டார்கள், அதனால் துடைக்கவும் இல்லை.

டோம் ஒரு துண்டை எறிந்தான். "கோரின், நீ போறதா இருந்தா போ. யாரும் பிடிச்சு வைக்கல. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ, நாங்க நிம்மதியா இருப்போம்."

போகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஹேசலைப் பார்த்து, "உங்க ஆபரேஷன்..." என்றாள்.

"அதைப் பத்திக் கவலைப்படாதே. டக்கைக் கேட்டு வச்சிட்டேன்."

"டக்கையா? குப்பை லாரியிலயா போவீங்க?"

"லாரியில உயரமா உட்காரலாம், ஊரையே பாத்துட்டுப் போகலாம்" என்றான் டக்.

எல்லாரும் சிரித்தார்கள். கோரின் சிரிக்கவில்லை. அவள் ஆசைப்பட்டது இதுதானே? விடுதலை கிடைத்துவிட்டது. யாரும் அவளை நம்பிக் காத்திருக்கவில்லை. ஆனால் அது கிடைத்த அந்த நிமிஷம் அவளுக்கு அவமானமாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

ஹேசல் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நிச்சயமாவா?"

கோரின் கோட்டில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். "நிச்சயம்னு சொல்லத் தெரியல. வரமுடியலைன்னா சொல்லிடறேன்."

"அது போதும்" என்றாள் ஹேசல்.

ஆபரேஷன் நாளன்று சொன்ன நேரத்துக்கு முன்பே கார் ஹேசல் வீட்டு வாசலில் நின்றது. பின் இருக்கையில் பெட்டிகள் அப்படியே இருந்தன. ஊன்றுகோலை வைக்க இடமில்லாமல், ஒரு பாத்திரப் பெட்டியை ஹேசல் மடியில் வைத்துக்கொண்டாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கோரினே சொன்னாள், எல்லாவற்றையும், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும். கேட்டுக்கொண்டிருந்த ஹேசலின் முகம் மாறியது. கோரின் அதைப் பார்த்தாள். பார்க்க முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் வொய்ட்ஹார்ஸுக்குப் போன் போட்டு, வரவில்லை என்றாள்.

அதோடு அவள் திருந்திவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். மார்ச் மாதத்தில் ஒரு விடியலில் அந்தப் பழைய அவஸ்தை மறுபடி நெஞ்சில் ஏறியது. சுவர்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை, யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. காரைக் கிளப்பி மேற்கே போகும் சாலையில் ஏறினாள். ஊர் முடியும் இடத்தில், பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தினாள். இஞ்சினை அணைக்கவில்லை. வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"டோம், நான்தான். இன்னிக்கு நான் வரல."

அந்தப் பக்கம் இரும்பு விழும் சத்தம் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, தன்னைத் தெரிந்த ஒரு ஆளிடம் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

"சரி" என்றான் டோம். பிறகு வாயை அந்தப் பக்கம் திருப்பி, "கோரின் வரலையாம்!" என்று கத்தினான்.

"சொல்லிட்டாளா?" டக்கின் குரல் தூரத்திலிருந்து வந்தது. "அப்பாடா!"