லேப் அடுத்த மாசம் திறக்கும்

என் மகள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருஷம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. பி.யூ.சி.யில், அதாவது கர்நாடகத்துப் பிளஸ் டூவில், சயின்ஸ் என்பது முடிவாகியிருந்தது. எந்தக் கல்லூரி என்பதுதான் பாக்கி.

அவளுக்கு எதையும் செய்து பார்த்தால்தான் திருப்தி. மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்கவில்லை என்று நான் சலித்துக்கொண்டிருந்தபோது, அதே மாவைச் சின்னச் சின்ன டப்பாக்களில் எடுத்து, ஃப்ரிட்ஜ் மேலே, ஜன்னலோரம், துணி அலமாரிக்குள் என்று வீடெங்கும் வைத்தாள். ஒவ்வொரு இடத்துச் சூட்டையும் அளக்கக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஆகாது என்று தெரிந்ததும் அப்பாவைக் கடைக்கு விரட்டி வேறொன்று வாங்க வைத்தாள்.

எங்கள் முன் இரண்டு கல்லூரிகள் இருந்தன. ஒன்று பழையது, கண்டிப்பானது. தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள். மகள் அதில் தேறியிருந்தாள். இன்னொன்று ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டியது. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனோம்.

அங்கே உயிரியல் எடுக்கும் மேடம் எங்களைச் சுற்றிக் காட்டினார். நான் என் கணவரிடம் தமிழில் ஏதோ முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. நீங்களும் நம்ம பக்கமா என்று கேட்டார். அவருக்கு ஹனூர், எனக்கு ராமாபுரம்; இரண்டும் கர்நாடக எல்லையோரம் தமிழ் புழங்கும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். கல்யாணமாகி மைசூருக்கு வந்ததிலிருந்து கடை, தெரு, ஏன், மகளோடு பாதி நேரம் வீட்டிலும் எனக்குக் கன்னடம்தான். அந்தப் பேச்சைக் கேட்டதும் மனசு இளகிவிட்டது.

லேப் என்று ஒரு அறையைக் காட்டினார். மைக்ரோஸ்கோப்புகள் அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருந்தன. மகளிடம் நிறையக் கேட்டார். மாவு விஷயம் வந்ததும் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார்.

"அந்தப் பழைய காலேஜ்ல போட்டா மனப்பாடந்தானுங்கக்கா. இங்க ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்விய எடுத்துக்கிட்டு ரெண்டு வருஷம் தானே செஞ்சு பார்க்கணும். கஷ்டமாத்தான் இருக்கும். உங்க பொண்ணுக்கு அந்த மாவே போதும். நான் இருக்கறேன், தைரியமா அனுப்புங்க."

பழைய கல்லூரியே இருக்கட்டும் என்றார் என் கணவர். நான்தான் விடாமல் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

வகுப்பு தொடங்கியது. காலையிலிருந்து சாயங்காலம் வரை நுழைவுத் தேர்வுக் கேள்விகள், வாராவாரம் டெஸ்ட். லேப் பூட்டியே இருந்தது. கேட்டால் அடுத்த மாசம் திறக்கும் என்பார் மேடம். நான் நம்பினேன். அதற்குள் நானும் அவரும் நெருங்கிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவோம். அவரைக்காய் சீசனில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனார். என் தங்கையிடம்கூடச் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் வருஷம் ஒரு மதியம், அந்தப் பழைய கல்லூரிக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். கேட் ஓரமாக மேடம் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். கூப்பிடலாம் என்று சாலையைக் கடந்து போனேன். அதற்குள் அந்தக் கல்லூரி யூனிஃபார்மில், கையில் வெள்ளைக் கோட்டோடு ஒரு பெண் ஓடி வந்து, லேப் முடிய நேரமாகிவிட்டது என்று அவரிடம் சொன்னாள். மேடம் அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

மகளா என்று கேட்டேன். ஆமாம் என்றார். எப்போது சேர்த்தீர்கள் என்றேன். என் மகளைச் சேர்த்த அதே வருஷம்தான்.

மகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். "ஆளுக்கு இத்தன பிள்ளைங்கள சேர்த்தே ஆகணும்னு மேனேஜ்மென்ட்ல சொல்லிட்டாங்கக்கா. உங்க பொண்ணு எங்க போட்டாலும் படிச்சுக்குவா. எம் பொண்ணு அப்படியில்லீங்க. அவளுக்கு நல்ல எடமா வேணும்."

கையை விடுவித்துக்கொண்டேன். திரும்பச் சாலையைக் கடந்து வந்தேன். வந்த பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அந்தப் பெண்ணும் தன் பழைய பள்ளித் தோழியும் ஒரே வகுப்பாம், சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உனக்குப் பேச அவங்க ஒருத்தர்தானம்மா இருந்தாங்க," என்றாள். பிறகு கன்னடத்தில், "ஹோக்லி பிடு," போகட்டும் விடு என்றாள்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. மேடம் பலமுறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

அந்த லேப் பிராக்டிகல் பரீட்சைக்கு முன்னால் மட்டும் திறந்தது. இப்போது மகள் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. படிக்கிறாள். அங்கே போன பிறகுதான் முதல்முறையாக மைக்ரோஸ்கோப் முன்னால் தனியாக உட்கார்ந்தாளாம், சந்தோஷமாகச் சொன்னாள். பி.யூ.சி. பேச்சு வந்தால் சிரித்துவிட்டுப் போகிறாள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.